ஏ.ஏ. குழுவில் சேவைப் பொறுப்புகள் கை மாறுவது எப்படி?

பதிவு 1 | கொள்ளிடக்கரை

நண்பர்களுக்கு வணக்கம். குழுவின் பெயரையும் ஊரையும் வெளியே சொல்வதில்லை என்ற நம் வழக்கத்தைக் காத்தே இதை எழுதுகிறேன்.

குடிநோயிலிருந்து மீள்பவர்களின் தோழமையான ஏ.ஏ.வில் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) எங்கள் குழுவைத் தொடங்கிவைத்த மூத்த உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். கூட்டம் நடக்கும் அறையின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. மீட்சிக்கான பன்னிரண்டு படிகளும் குழுக்களுக்கான பன்னிரண்டு மரபுகளும் அச்சிட்ட இரண்டு தட்டிகளை ஆணியில் மாட்டுவது, தேநீருக்குச் சொல்வது, பை சுற்றி வந்த பின் காசை எண்ணி நோட்டில் எழுதுவது, புதிதாக ஒருவர் அழைத்தால் எந்த நேரமானாலும் அந்த வீட்டுக்குப் போவது என எல்லாம் அவரே. அவர் பேரில் யாருக்கும் மனக்குறை கிடையாது. இன்று அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அவர் தேடிப் போய் அழைத்து வந்தவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் சென்ற மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்தபோது கூட்டமும் படுத்துவிட்டது. புதியவர் ஒருவர் மனைவியுடன் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அவர்கள் மறுபடி வரவில்லை.

அந்தச் செய்தி என்னை உறங்கவிடவில்லை. பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று எங்களில் சிலர் நினைக்கிறோம். பெரியவர் மனம் புண்படாமல் இதை எப்படித் தொடங்குவது? குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர்களிடம் எவற்றைக் கொடுக்கலாம்? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதிவு 2 | தாமிரபரணி

கொள்ளிடக்கரை நண்பருக்கு. உங்கள் குழு இன்று நிற்கும் இடத்தில் நம் தோழமை முழுவதுமே ஒரு காலத்தில் நின்றது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் கேட்டதற்கான விடையில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

நியூயார்க்கின் பங்குச்சந்தை வட்டாரத்தைச் சேர்ந்த பில் டபிள்யூ., ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரின் அறுவை மருத்துவர் டாக்டர் பாப் என்ற இருவரிடமிருந்து ஏ.ஏ. புறப்பட்டது; டாக்டர் பாப் குடியை விட்ட நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10ஐயே நாம் தொடக்க நாளாகக் கொள்கிறோம். 1938இல் பணத்தையும் பொது வேலைகளையும் கவனிக்க ஓர் அறக்கட்டளை அமைந்தபோது, அதன் அறங்காவலர்களில் குடிநோயாளி அல்லாதவர்களே பெரும்பான்மையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எந்த நேரத்திலும் மறுபடி குடிக்கக்கூடியவர்கள் என்று நம்மவர்களே நம்மவர்களைப் பற்றி அஞ்சிய காலம் அது. 1941 மார்ச் மாதத்தில் அமெரிக்கப் பேரிதழ் ஒன்றில் வந்த கட்டுரைக்குப் பிறகு, சுமார் 2,000 பேராக இருந்த தோழமை அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 8,000 பேராகப் பெருகியது. நியூயார்க் அலுவலகத்திலிருந்து போன கடிதங்களை மட்டுமே துணையாகக் கொண்டு எத்தனையோ ஊர்களில் குழுக்கள் முளைத்தன. ஆனால் அந்தக் குழுக்களுக்கு அறங்காவலர்கள் யாரென்றே தெரியாது; அறங்காவலர்களுக்கும் குழுக்களைத் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருந்தவர்கள் பில்லும் டாக்டர் பாப்பும்தான்.

டாக்டர் பாப்புக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, தாங்கள் இருவரும் போய்விட்டால் இந்த இணைப்பு அறுந்துவிடும் என்பதைப் பில் உணர்ந்தார். குழுக்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் கூடும் ஒரு பொதுச்சேவை மாநாடு வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதை அறங்காவலர்கள் உடனே ஏற்கவில்லை. பழைய உறுப்பினர்களிலும் பலர் எதிர்த்தார்கள். டாக்டர் பாப் தம் கடைசிக் காலத்தில் இசைவு தந்துவிட்டு, 1950 நவம்பர் 16 அன்று மறைந்தார். 1951 ஏப்ரலில் 37 பிரதிநிதிகளுடன் முதல் மாநாடு கூடியது. சில ஆண்டுகள் அதைச் சோதனையாக நடத்திப் பார்த்துவிட்டு, 1955 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த இருபதாம் ஆண்டுப் பெருங்கூட்டத்தில், மீட்சி, ஒற்றுமை, சேவை என்ற மூன்று மரபுச் செல்வங்களையும் பில் தோழமையின் கையில் ஒப்படைத்தார். ஏ.ஏ. வயதுக்கு வந்த நாளாக நம்மவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்.

அன்று பில்லுக்கு அறுபது வயதுகூட நிரம்பவில்லை. அதன் பின் 1971 ஜனவரி வரை வாழ்ந்தார். உடல் தளர்ந்து வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுத்தவர் அல்லர் அவர். தெம்போடு இருந்தபோதே கொடுத்தார். பெற்றுக்கொண்டவர்கள் தடுமாறினால் கேட்கும் தூரத்திலும் இருந்தார். உங்கள் மூத்தவர் குணமடைந்து நடமாடும் இந்த நேரமே ஒப்படைப்பதற்கு ஏற்ற நேரம் என்று நான் துணிந்து சொல்வேன்.

பதிவு 3 | இரவுப்பணி

தாமிரபரணி அண்ணன் சொன்ன வரலாறு சரியானதே. ஆனால் சுழற்சி முறையை நாள்காட்டியைப் பார்த்து நடத்தினால் என்ன ஆகும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒரே நாளில் செயலாளர், பொருளாளர், தேநீர்ப் பொறுப்பாளர், ஜி.எஸ்.ஆர். (குழுவின் பொதுச்சேவைப் பிரதிநிதி) என அத்தனை பேரையும் மாற்றினார்கள். புதிய செயலாளருக்கு மருத்துவமனைக் கூட்டத்தை யாரிடம் பேசி ஏற்பாடு செய்வது என்பது தெரியாது. பொருளாளருக்கு, வட்டாரக் குழுக்களின் பொது அமைப்பான இன்டர்குரூப்புக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும், கையில் எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பழையவர்கள் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சில மாதங்களில் பழைய செயலாளரே மறுபடி சாவியை வாங்கிக்கொண்டார். எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். புதிய செயலாளராக இருந்த இளைஞர் அவமானப்பட்டு வேறு குழுவுக்குப் போய்விட்டார்.

பொறுப்பைக் கொடுப்பவர்கள் அதைத் தாங்கும் வலிமையையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், நன்றாக நடக்கும் ஒரு கூட்டத்தைக் கெடுக்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

பதிவு 4 | தாமிரபரணி

இரவுப்பணி நண்பர் சொல்வது முழு உண்மை. அதற்கான மருந்தும் நம் அமைப்பிலேயே இருக்கிறது. குழு மட்டத்தில் நாம் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்பதுதான் குறை.

முதல் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளில் பாதிப் பேரைத்தான் 1951இல் அழைத்தார்கள். மறு பாதியை 1952இல் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் பணிக்காலம் இரண்டு ஆண்டு என்பதால், எந்த ஆண்டு பார்த்தாலும் அவையில் பாதிப் பேர் புதியவர்களாகவும் பாதிப் பேர் ஓராண்டு அனுபவம் உள்ளவர்களாகவும் இருந்தார்கள். ஒரு குழுவும் இதையே செய்யலாம். செயலாளர் தை மாதத்தில் மாறினால் பொருளாளர் ஆடியில் மாறட்டும். ஜி.எஸ்.ஆருக்கு ஒரு மாற்றுப் பிரதிநிதியை முதலிலேயே தேர்ந்தெடுத்து, வட்டாரக் கூட்டங்களுக்கு இருவரும் சேர்ந்தே போய்வரட்டும்.

இன்னொன்று. சேவையை நடத்தும் முறை பற்றி 1962இல் மாநாடு ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு கருத்தாக்கங்களைப் பலர் உலக அலுவலகத்துக்கு உரிய சட்டதிட்டம் என்று நினைத்து மூடிவைத்துவிடுகிறார்கள். அதில் பத்தாவது, ஒவ்வொரு சேவைப் பொறுப்புக்கும் அதற்கு ஈடான அதிகாரம் இருக்க வேண்டும் என்கிறது. அந்த இளைஞருக்குச் செயலாளர் என்ற பெயரைக் கொடுத்தார்கள். பேச்சாளரை அவர் தேர்ந்தெடுத்தபோது பின்வரிசையிலிருந்து யாராவது மாற்றினார்களா, கூட்டம் ஐந்து நிமிடம் தாமதமானபோது பழையவர் எழுந்து தாமே தொடங்கிவைத்தாரா என்று நினைத்துப் பாருங்கள். வேலையை மட்டும் கை மாற்றிவிட்டு முடிவெடுக்கும் உரிமையைப் பழையவர்களே வைத்துக்கொண்டால், வாங்கிக்கொண்டவர் வேலைக்காரராகத்தான் உணர்வார்.

பதிவு 5 | பழைய பொருளாளர்

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பணமும் பதவியும் சேர்ந்து வரும் இடத்தில் நம் முன்னோடிகள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. ஏ.ஏ. தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், பில் டபிள்யூ. சிகிச்சை பெற்ற நியூயார்க் டவுன்ஸ் மருத்துவமனையின் உரிமையாளர், அங்கேயே ஆலோசகராக வேலை செய்யும்படியும் வருமானத்தில் பங்கு தருவதாகவும் அவரை அழைத்தார். அப்போது பில்லின் மனைவி லோயிஸ் ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை செய்துதான் வீட்டை நடத்திக்கொண்டிருந்தார். மகிழ்ச்சியோடு புரூக்ளின் வீட்டுக்கு வந்து, அன்று கூடியிருந்த உறுப்பினர்களிடம் பில் இதைச் சொன்னார். இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்தால் நம்மைக் கட்டிவைத்திருக்கும் உறவு கெட்டுப்போகும் என்று அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் எல்லோருமே அவர் கைதூக்கிவிட்டவர்கள். அவர்களுடைய தீர்ப்புக்கு அவர் கட்டுப்பட்டார். குழு மனசாட்சி, அதாவது குழு கூடி எடுக்கும் முடிவு, என்று நாம் இரண்டாம் மரபில் படிப்பது பிற்காலத்தில் எழுதப்பட்டது. அது நடந்து காட்டப்பட்டது அந்த வீட்டில்.

இனி உங்கள் குழுவின் நோட்டுக்கு வருகிறேன். பையில் விழுந்த காசைப் பொருளாளர் மட்டும் எண்ணக் கூடாது. கூட்டம் முடிந்ததும் அதே மேசையில் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண வேண்டும். இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். இரண்டாமவர் யார் என்பது வாரத்துக்கு வாரம் மாறட்டும். அறை வாடகை, தேநீர், நூல்கள் போக அவசரத்துக்கு ஒரு சிறு இருப்பை வைத்துக்கொண்டு, மீதியை இன்டர்குரூப்புக்கும் மும்பைப் பொதுச்சேவை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட வேண்டும். இருப்பு பெருத்த குழுக்களில் சண்டை வராமல் நான் பார்த்ததில்லை. குடியை விட்டு அதிக நாள் ஆகாதவரிடம் பெட்டியைத் தனியாகக் கொடுத்து அனுப்புவது அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது, ஏனெனில் மறுபடி குடிக்க நேர்ந்தால், குழுவின் காசும் கையில் இருந்தது என்ற வெட்கமே அவரைத் திரும்பி வரவிடாமல் தடுத்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணும் வேலையை முதல் வாரத்திலேயே அவரிடம் கொடுக்கலாம்.

பதிவு 6 | ஓர் இல்லத்தரசி

நான் ஏ.ஏ. உறுப்பினர் அல்ல, குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான அல்-அனானில் இருக்கிறேன். என் கணவரும் உங்கள் மூத்தவரைப் போலவே ஒரு குழுவைத் தாமே தாங்கி நின்றவர் என்பதால் எழுதத் துணிந்தேன்.

அவர் குடித்த காலத்தில் மாலை நேரங்களில் வீட்டில் இருந்ததில்லை. குடியை விட்ட பின்னும் இருந்ததில்லை. அப்போது சாராயக்கடை, பிறகு கூட்டம், மருத்துவமனை, யாரோ ஒருவர் வீடு. நன்மை செய்யப் போகிறவரைப் போகாதே என்று எந்த மனைவி சொல்வாள்? பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால்கூட, சாவி என்னிடம் இருக்கிறதே என்பார். பிறகு குழுவில் பொறுப்புகளைப் பிரித்தபோது அவர் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும். கூட்டம் தொடங்கும் நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடப்பார். தட்டிகளை நேராக மாட்டினார்களோ இல்லையோ என்பார். தம்மை யாருக்கும் வேண்டாமல் போய்விட்டதாக நினைத்தார். அந்த நாட்களில் அவரைக் காப்பாற்றியது அவருக்கு வழிகாட்டும் உறுப்பினரான ஸ்பான்சரும், புதிதாகத் தேர்வான செயலாளரும்தான். அந்தச் செயலாளர் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து, ஐயா, இந்தச் சிக்கலை நீங்கள் இருந்தால் எப்படிச் செய்திருப்பீர்கள் என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தமக்குச் சரியென்று பட்டதைச் செய்வார். என் கணவர் முதலில் கோபப்பட்டார், பிறகு பழகிக்கொண்டார். இப்போது கூட்டத்துக்கு முன்னதாகவே போய் வாசலருகே உட்கார்ந்து, தயங்கி நிற்கும் புதியவர்களுடன் பேசுகிறார். வீட்டிலும் இருக்கிறார்.

1951இல் லோயிஸும் அவருடைய தோழி ஆனும் குடும்பங்களுக்கான எங்கள் தோழமைக்கு வடிவம் கொடுத்தார்கள். எங்களிலும் பொறுப்புகள் சுழன்றுதான் வருகின்றன. அதனால், ஒப்படைப்பவருக்கு ஒரு துணை வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 7 | இரவுப்பணி

அம்மா எழுதியதைப் படித்த பிறகு எங்கள் குழுவில் நடந்ததை வேறு கண்ணோடு பார்க்கிறேன். பின்வரிசையில் கையைக் கட்டியிருந்தவர்களிடம் அந்த இளைஞர் போய்க் கேட்கவில்லை. அவர்களும் அழைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் என் ஐயம் ஒன்று மீதமிருக்கிறது. தேர்தல் என்று வந்துவிட்டால் அணி சேர்வதும் ஆள் பிடிப்பதும் தொடங்கிவிடுகிறது. தோற்றவர் கூட்டத்துக்கே வராமல் நின்றுவிட்டால், அது அவர் உயிருக்கே கேடு. ஓட்டு வாங்கி வரும் செயலாளரைவிட எல்லோரும் மதிக்கும் ஒருவர் நீடிப்பது பாதுகாப்பு இல்லையா?

பதிவு 8 | ஏரிக்கரை

இந்த ஐயத்துக்கு நம் அமைப்பில் அழகான ஒரு வழி இருக்கிறது. மாநாட்டுப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்போது சாதாரணப் பெரும்பான்மை போதாது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஒரு சுற்றில் யாருக்கும் அது கிடைக்காவிட்டால் மறுபடி வாக்கெடுப்பார்கள். மிகக் குறைவாகப் பெற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். பல சுற்று கழிந்தும் முடிவு வராவிட்டால் எஞ்சியவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டு எடுப்பார்கள். முதலில் வரும் சீட்டுக்கு உரியவரே பிரதிநிதி. இதனால் ஓர் அணி மற்றோர் அணியை வென்றது என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையில், பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி தகுதி பெறவில்லை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் ஒதுக்கப்பட்டார்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே அந்தக் குடத்தில் ஓலை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் தோழமையில் உறுப்பினராகக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும். ஆனால் ஒருமுறை பொறுப்பு வகித்தவர் விலகி நிற்க வேண்டும், கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற அந்த இரண்டு விதிகளும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் மண்ணில் யோசிக்கப்பட்டவை.

தோற்றவர் நிலைக்கு வருகிறேன். ஐந்தாவது கருத்தாக்கம் சிறுபான்மையினர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறது. எங்கள் குழுவில் வாக்கெடுப்பு முடிந்ததும், எதிராக வாக்களித்தவர்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறார்களா என்று தலைமை ஏற்பவர் கேட்பார். அவர்கள் சொன்னதைக் கேட்டுப் பெரும்பான்மையிலிருந்து ஒருவர் மனம் மாறினால், மறு வாக்கெடுப்பு கோரலாம். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் கூட்டத்தைவிட்டுப் போவதில்லை.

எல்லோரும் மதிக்கும் ஒருவர் நீடிக்கட்டும் என்றீர்கள். பில்லைவிட மதிக்கப்பட்டவர் நம்மில் யாரும் இல்லை. அறங்காவலர்களில் குடிநோயாளிகளே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னார். தோழமை உடனே இணங்கவில்லை. 1966இல்தான் குடிநோயாளிகள் 14 பேர், அல்லாதவர்கள் 7 பேர் என்ற விகிதம் வந்தது. அதுவரை அவர் தம் செல்வாக்கைக் காட்டி அதை முடித்துக்கொள்ளவில்லை. மறுபடி மறுபடி எழுதினார், காத்திருந்தார். தம்மைத் தாமே நம்பாத நிலையிலிருந்து நம்பும் நிலைக்கு நம்மவர்கள் வந்து சேர 28 ஆண்டுகள் ஆயின. 1938இல் இருந்த அச்சம் அன்றைக்கு நியாயமானதே என்றும், 1966இல் அதை விட்டதும் நியாயமே என்றும் நான் கருதுகிறேன். உங்கள் குழுவும் எந்த ஆண்டில் நிற்கிறது என்பதை நீங்களே கூடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து நாங்கள் சொல்ல முடியாது.

பதிவு 9 | கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் நன்றி. குறிப்பாக, தங்கள் வீட்டு வாழ்க்கையைத் திறந்து எழுதிய சகோதரிக்கு.

இந்த இழையை மூத்தவரிடம் படித்துக் காட்டினேன். முதல் பதிவில் அவரைப் பற்றி எழுதியிருந்ததைச் சற்று நேரம் எதுவும் பேசாமல் கேட்டார். திரும்பிப் போன அந்தத் தம்பதியைப் பற்றி அவருக்கு யாருமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் அவர் வருந்துவார் என்று மறைத்திருக்கிறோம். பிறகு அவரே அடுத்த மாதம் ஒரு குழு தன்னாய்வுக் கூட்டம் வைக்கலாம் என்றார். அங்கே நாங்கள் முன்வைக்கப்போவது இது: சாவிக்கு மூன்று நகல் எடுத்து மூன்று பேரிடம் இருக்கும். தேநீரும் தட்டிகளும் இப்போதே புதியவர்களிடம் போகும். செயலாளரை ஆறு மாதத்துக்குத் தேர்ந்தெடுப்போம். பொருளாளர் மூன்று மாதம் கழித்து மாறுவார். புதியவர் வீட்டுக்குப் போகும்போது ஒருபோதும் தனியாகப் போவதில்லை. மூத்தவர் போனாலும் இளையவர் ஒருவர் உடன் செல்வார். ஜி.எஸ்.ஆர். பொறுப்புக்கு எங்களிடம் நீண்ட கால அனுபவம் உள்ளவர் அவர் ஒருவரே என்பதால், அவர் ஜி.எஸ்.ஆராகவும் நான் மாற்றுப் பிரதிநிதியாகவும் இரண்டு ஆண்டு இருக்கலாம் என்பது சிலர் யோசனை. இதில் முடிவு இன்னும் வரவில்லை.

பழைய பொருளாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. இதுவரையான நோட்டுகள் எங்கள் மூத்தவர் வீட்டில் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு வரவு மட்டும் எழுதியிருக்கிறது, செலவு இல்லை. அவர் தம் கைக்காசைப் போட்டு நடத்திய ஆண்டுகள் அவை. ஒப்படைக்கும் நாளில் இதை எப்படிக் கையாள்வது?

பதிவு 10 | பழைய பொருளாளர்

பழைய ஆண்டுகளைத் தோண்ட வேண்டாம். ஒப்படைக்கும் நாளன்று கையில் உள்ள தொகையை இருவர் எண்ணி, புதிய நோட்டின் முதல் பக்கத்தில் தொடக்க இருப்பாக எழுதி, எண்ணிய இருவரும் மூத்தவரும் என மூவரும் கையெழுத்திடுங்கள். அவர் கைக்காசு போட்ட ஆண்டுகளைப் பற்றி அதே பக்கத்தில் இரண்டு வரி எழுதிவையுங்கள், தொகை வேண்டாம். அவர் திருப்பிக் கேட்க மாட்டார். கேட்டால் குழு கூடி முடிவு செய்யட்டும். பழைய நோட்டுகளையும் வாங்கிக் குழுவின் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உறுப்பினர்களின் முழுப்பெயர் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதியிருந்தால் அந்தப் பெட்டிக்கு நல்ல பூட்டாகப் போட்டு, அதன் சாவியை மட்டும் மூன்று நகல் எடுக்காதீர்கள்.